அரைப் பேர்

மழை விட்டதும் போகலாம் என்று
ஏழேகாலுக்குச் சொன்னோம்.
இப்போது மணி ஒன்பது.
தலவாக்கலை ஸ்டாண்டில்
தவசீலனின் ஆட்டோவுக்குள் நாலு பேர்,
இரண்டு பக்கமும் படுதா இறக்கி,
கண்ணாடியெல்லாம் எங்கள் மூச்சு.

அந்த இயக்குநரின் பெயரை நாங்கள் சொல்வதில்லை.
அந்தாளு என்றால் போதும்.
மூன்று விண்வெளிப் படங்கள் எடுத்தவர்,
நாலாவது வராது என்று பேட்டி கொடுத்து
எங்கள் தீபாவளியைக் கெடுத்தவர்.

"மொதலாவதுதான் படம்,"
என்றான் ரிஸ்மி.
போன் திருத்துகிறவன், எதையும்
பின்மூடி கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான்.
"கப்பல்ல தண்ணி முடியுது.
அழுத கண்ணீரையும் வடிச்சுக் குடிக்கிறானுக.
ஆறு பேரு, நாப்பது நாளு, எத்தன லீட்டரு,
எல்லாம் சரி. நான் போட்டுப் பாத்தேன்."

"கணக்குப் பாக்க டியூசனுக்குப் போ!"
தவசீலன் கைப்பிடியை முறுக்கினான்,
எஞ்சின் ஓடாமலே.
"மூணாவதுல அந்த இருவது நிமிசம்...
சத்தமே இல்லாம கதவு தெறக்கும் பாரு."
"நீ தூங்கிட்ட."
"தூங்கல. கண்ண மூடிக் கேட்டேன்."
"எத? சத்தமே இல்லன்னியே!"

நான் இரண்டாவது படத்தின் கட்சி.
உப்புக் கோளில் படிகம் பொறுக்கும் இயந்திரங்கள்.
ஏழாம் நம்பர் ஒருநாள்
குனிந்தபடியே நின்றுவிடும்.
என் பேர் என்ன என்று கேட்கும்.
இதைச் சொல்லும்போதெல்லாம்
எனக்குத் தொண்டை கட்டும்.
"மெசினுக்கு எதுக்கு மச்சான் பேரு?
அதுக்குத் தேவ பேட்டரி," என்றான் ரிஸ்மி.
தொண்டை சரியானது.

பிரசாந்தினி அதுவரை கடலை தின்றுகொண்டிருந்தாள்.
மேல் டிவிசன்காரி.
அந்தப் படத்தை நாலு தரம் பார்த்தவள்,
கீறல் விழுந்த போனில்,
டேட்டா கார்ட் போடப் போட, துண்டு துண்டாய்.

"அந்தாளு அங்கதான் பிழ விட்டாரு.
கேட்டவொடன முழுப் பேரையும் குடுத்துட்டாரு.
யாரு அப்பிடிக் குடுப்பா?
பதினெட்டு கிலோ நிறுத்தாத்தான் எங்களுக்கு ஒரு பேரு.
இன்னைக்கு மழ. பதினாலு.
செக்ரோல்ல அரப் பேருன்னு எழுதிட்டாங்க.
சம்பளமும் அர."

படுதாவில் மழை அடித்தது.
யாராவது ஏதாவது சொல்ல வேண்டும்.
அவளே சொன்னாள்:
"ஏழாம் நம்பருக்கும் அரப் பேரு குடுத்திருக்கணும்.
மிச்சத்தத் தேடிக்கிட்டு அது வரும்ல?
அங்க வைக்கணும் இடைவேள."

தவசீலன் ஹாரனை அழுத்திவிட்டான்.
எதிர் ஹோட்டலில் கொத்து ரொட்டி நின்றது,
மறுபடி தொடங்கியது.

பிறகு யாரும் யாரையும் பேச விடவில்லை.
முன்பாதியா, பின்பாதியா?
முன்பாதி தந்தால் அதுவே போதுமென்று
இருந்துவிடாதா?
பின்பாதி என்றால்,
பிரசாந்தினியை உடைத்துப் பாருங்கள்,
ந்தினி என்று வரும்.
மெய்யெழுத்தில் சொல் தொடங்காதே!
"தொடங்கட்டுமே," என்றாள் அவள்,
"வேற கோளு தானே."

மழை எப்போது விட்டதென்று தெரியவில்லை.
அவளுடைய கடைசி பஸ் போயிருந்தது.
தவசீலன் காசு வாங்காமல் ஏற்றிப் போனான்.
பனிக்குள் ஒற்றை விளக்கு
வளைவுக்கு வளைவு அணைந்து, தெரிந்து,
அப்புறம் தெரியவில்லை.

இரவு பன்னிரண்டே முக்காலுக்கு
போன் அடித்தது. ரிஸ்மி.
படத்தைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.
வணக்கமில்லை, சலாமில்லை.
"மச்சான், நான் போட்டுப் பாத்தேன்.
பதினெட்டுல பதினாலு
அர இல்லடா.
முக்காலுக்கும் மேல."