பன்னிரண்டாம் பெட்டி

பிரசீலியாவில் மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி.
ஜுஸ்ஸாரா எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

எண்ண வரிகள் இல்லை.
நிரல் என்று யாரும் எழுதவில்லை;
ஓய்வூதியப் பிரிவு எவால்டோ
ஒரு மதியம் பெட்டிகளை இழுத்துப் போட்டு
அம்புக்குறிகளால் முடிந்துவிட்டான்.

உள்ளே வரும் தரவுக்கு ஒரு புள்ளி,
வெளியே போனால் ஒன்று,
படித்தால், பதிந்தால் ஒவ்வொன்று.
புள்ளிக்கு இத்தனை ரெயால் என்பது ஒப்பந்தம்.
கம்பெனி அனுப்பிய கணக்கு அறுபத்தெட்டு.
அவளுக்கு வருவது நாற்பத்தொன்று.
காப்பி ஆறிவிட்டது. இன்னொரு முறை.
நாற்பத்தொன்றேதான்.

பன்னிரண்டாம் பெட்டியில் விரல் நிற்கிறது:
‘முப்பது நாள் காத்திரு.’
எந்தத் தரவும் எல்லை தாண்டவில்லை.
விதிப்படி பூஜ்யம்.

சோதனைக்குப் போட்ட மனுவில்
யாரோ நிஜப் பெயரையே விட்டிருக்கிறார்கள்:
இராசெமா, கணவர் இறந்து ஏழு வாரம்,
முகவரி செய்லாண்டியா.

அளக்கிற நாழி அகவிலை அறியாது.
அறிந்தால் அளக்குமா, தெரியவில்லை.

எவால்டோவைக் கூப்பிட்டாள்.
ஏன் முப்பது?
“பழைய படிவத்தில் அப்படித்தான் இருந்தது.”
அந்தப் படிவத்தில்?
மறுமுனையில் யாரோ மைக்ரோவேவைத் திறக்கும் சத்தம்.

பூஜ்யம் என்றே எழுதினாள்.
குறிப்புக் கட்டத்தில் எதையோ தட்டி,
அழித்து,
மறுபடி தட்டினாள்.