ஓரடி கூட

வெங்காயம் ஏற்றின பெட்டி.
புன்னாலைக்கட்டுவனில் மழையில் நனைந்து
ஒரு ரயர் காற்றுப்போய்க் கிடந்தது.
ஐம்பத்தையாயிரம் சொன்னான், நாற்பத்தெட்டுக்கு முடித்தேன்.
நாலு நாள் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும்
வாசம் போகவில்லை.
போகாது என்று விற்றவன் சொன்னான்,
காசை எண்ணி மடியில் வைத்த பிறகு.

"உதுக்குள்ள ஆர் படுக்கிறது?"
குகதாஸ் மதிலுக்கு மேலால் கேட்டான்.
நானும் இவளும் என்றேன்.
லாண்ட்மாஸ்ரரில் கொழுவிக்கொண்டு
மணற்காடு, பேந்து பூநகரி, மன்னார் மட்டும் போகலாம்.
ஹோட்டல்காரனுக்கு ஏன் குடுப்பான்?
"வீடு கிடக்க," என்றான்.
வீடு கிடக்கத்தான்.

கொப்பியில் கணக்கு:
பொக்ஸ் பார் பதினொன்று. அமானோ சீற் ஐந்து.
சுவருக்குள் வைக்க றெஜிபோம்,
மீன்வாடியில் கழித்துவிட்ட பெட்டிகள், சும்மா.
(மீனும் வெங்காயமும் சேர்ந்தால் என்ன மணக்கும் என்று
அப்போது யோசிக்கவில்லை.)
யன்னலுக்கு உடைந்த ஹயஸ் வானின் கண்ணாடி, இரண்டாயிரம்.
பத்திநாதனுக்கு ஒட்டுக்கூலி நாளுக்கு ஐயாயிரம், தேத்தண்ணி வேறு.
அடியில் சாமானுக்கு ஓரடி, அதன்மேல் பலகை.
மொத்த உயரம் மூன்றரை.
காற்றுப் பிடிக்காது, தகரமும் மிச்சம்.
படுக்கத்தானே போகிறோம்.

நிறைமதி அளவுநாடாவை வாங்கினாள்.
பலகை வரும் உயரத்துக்கு
மீன்பெட்டியைக் கவிழ்த்து, ஏறிச் சம்மணம் போட்டாள்.
உச்சந்தலைக்கு மேலே ஒரு சாண் விட்டுக்
கையைப் பிடித்தாள்.
"இவ்வளவு வேணும்."
அது நாலரை.
ஓரடி கூட்டினால் ஒன்பதாயிரத்து நானூறு என்றேன்.
காத்தாடி வேணுமோ உயரம் வேணுமோ என்றேன்.
பட்ஜெட் என்ற சொல்லை
நிதியமைச்சர் மாதிரி இரண்டு தரம் சொன்னேன்.
அவள் நாடாவைச் சுருட்டித் தந்தாள்.

மூன்றாம் நாள் பட்டறையில்
பார் வெட்டப் போகிற நேரம்
தேத்தண்ணியோடு வந்தவள்
எனக்கல்ல, பத்திநாதனுக்குச் சொன்னாள்:
"அண்ணை, மாத்தளனில நாங்கள் எட்டுப் பேர்
ட்ரெக்டர் பெட்டிக்குக் கீழ. சுத்திவர மண்மூட்டை.
ஒண்டரை மாசம்.
தலை நிமிர்த்தேலாது. தண்ணி குடிக்கிறதும் சரிஞ்சுதான்."
பிறகு,
"சீனி காணுமோ?"

பத்திநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.
சோக்கால் கீறின கோட்டை எச்சில் தொட்டு அழித்து
ஓரடி தள்ளிக் கீறினார்.
என்னைக் கேட்கவுமில்லை.

ஏழு வருசம் கட்டி வாழ்கிறேன்.
மேசைக்குக் கீழே கரண்டி விழுந்தால்
குனிய மாட்டாள், காலால் இழுத்து எடுப்பாள்.
சோம்பேறி என்று
ஆட்களுக்கு முன்னால் சிரித்திருக்கிறேன்.

காத்தாடிக்குக் கொப்பியில் கோடு போட்டேன்.

பட்டறையிலிருந்தே புறப்பட்டோம்.
மணற்காட்டுக்கு இரண்டு மணித்தியாலம்.
வல்லைவெளியில் காற்று கூரையைப் பிடித்து
பெட்டியை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடத்தியது.
சவுக்கடியில் இரவு. ஒரு ஆணியடியில் ஒழுக்கு,
ரின்மீன் பேணியை வைத்தோம்.
நுளம்பு. வெங்காயம். மீன்.
அவள் சுவரில் சாயாமல்
நேராக இருந்தாள், பிளேன்ரீக் கோப்பையோடு.
தலைக்கு மேலே ஒரு சாண் இருட்டு.
"படுக்கேல்லையோ?"
"இருக்கிறன்."
எப்போது படுத்தாளோ தெரியாது,
நான் நித்திரையாகிப் போனேன்.

அடுத்த நாள் மத்தியானம்
எங்கள் ஒழுங்கை முகப்பில்
பூவரசங் கொப்பு கூரையைக் கிரீச்சென்று இழுத்தது.
புதுப் பெயின்ற் ஒரு முழத்துக்குப் போச்சுது.
மதிலுக்கு மேலால் குகதாஸ்:
"அப்பவே சொன்னனான், உயரம் கூடிப்போச்செண்டு."
அவன் சொல்லவேயில்லை.

நான் உள்ளே போய்க்
கொக்கைச்சத்தகத்தை எடுத்துவந்து
கொப்பை வெட்டினேன்.