புள்ளி

எங்கள் கேமில் பார்க்க ஒன்றுமில்லை.
அதுதான் கேம்.

அப்புத்தளை மூட்டம் திரையை மூடும்.
நீங்கள் ரயில் கேட்டில் நிற்பீர்கள்.
தண்டவாளம் முனகுவதைக் காதில் பிடித்து
எவ்வளவு தூரத்தில் வருகிறதென்று கணித்துக்
கேட்டு மரத்தை இறக்க வேண்டும்.
முந்தினால் டவுன் முழுக்க ஹோன் அடிக்கும்.
பிந்தினால்,
அதைச் சொல்ல மாட்டோம், விளையாடிப் பாருங்கள்.

பெயர் 'கேட்டு'.
மரம் இறங்குவதும் கேட்டு, காது கொடுத்து நிற்பதும் கேட்டு.
இந்தச் சிலேடைக்காக டெரன்ஸ்
ஒரு வாரம் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

லோஷினி மூன்று மழைக்காலம்
தண்டவாளத்தில் மைக்கை ஒட்டிவைத்துச் சேர்த்த சத்தம்.
அதற்கு நான் படம் போட வேண்டும்.
கேம் கடையில் எங்களுக்குக் கிடைப்பது
தீப்பெட்டி லேபலிலும் சின்ன இடம்.

கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்ணைப் போடு என்றான் டெரன்ஸ்.
வெளிநாட்டான் அதைத்தான் தேடுவானாம்.
எங்கள் கேமில் கொழுந்தில்லை, கூடையில்லை.
அவளை வைத்துத் தேயிலைப் பெட்டிக்காரன்
விற்றது போதாதா?
போன மாதம் முழங்காலுக்கு ஊசி போட்டு வந்த அம்மா
இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
பெட்டியில் இருப்பவள் இன்னும் சிரிக்கிறாள்.

பிறகு பாலம் வரைந்தேன்.
வளைவு வளைவாய், மேலே நீல ரயில்.
அழகாய்த்தான் இருந்தது.
வாங்கினவன் உள்ளே பாலத்தைத் தேடுவான்,
இல்லையென்றதும் காசைத் திருப்பிக் கேட்பான்,
கேட்கட்டும், நியாயம்தானே.

மூன்றாவது, மூட்டமே.
பதினேழு சாம்பல் நிறம், நான்கு இரவு.
பெரிதாய்ப் பார்த்தால் குளிரும்.
சுருக்கினேன்:
தரை துடைத்துப் பிழிந்து போட்ட துணி.

எழுத்து அதைவிட மோசம்.
கொம்பு ஒடிந்து, புள்ளி கரைந்து போயிருந்தது.
"கேடுன்னா பேர் வச்சிருக்கீங்க?"
சொந்தக் கேமின் பெயரை லோஷினியே அப்படி வாசித்தாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்ட்.
மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் வருவது பஸ் இல்லை,
வெலிமடை என்ற பலகை.
மஞ்சளில் கறுப்பாய், கொழுத்த எழுத்து.
எழுதினவனுக்கு அழகைப் பற்றிக் கவலையே இல்லை.
பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனுக்கு
ஏறுவதா விடுவதா தெரிய வேண்டும், அவ்வளவுதான்.
நான் ஏறவில்லை. திரும்பி வந்தேன்.

பதினாறு சாம்பலை அழித்தேன்.
எழுத்துக்குச் சதை வைத்தேன்.
நடுவில் நிற்கும் 'ட்'டின் அடிக்கோட்டை இழுத்தேன்,
பக்கத்து எழுத்தையும் தாண்டி,
ஓரம் வரைக்கும். மரம் இறங்கிவிட்டது.
மேலே புள்ளி.
எழுதி முடித்த பிறகு போகிற போக்கில் குத்துகிற
அந்தச் சின்னப் புள்ளியைப் பெரிதாக்கிச்
சிவப்புக் கொடுத்தேன்.
கேட்டு விளக்கு.

போனைப் பேக்கரிக் கண்ணாடிக்குள்
பணிஸ் தட்டில் சாய்த்து வைத்து
ரோட்டைத் தாண்டி நின்றேன்.
மூட்டம் வந்தது.
எழுத்து போனது, மரம் போனது,
பேக்கரியில் பாதி போனது.
புள்ளி இருந்தது.

கடை திறந்துகொண்டிருந்த ஃபார்மசி ரிஸ்மியிடம்
அங்கே என்ன தெரியுது என்றேன்.
"சிவப்பா என்னமோ.
ஏன், நிக்கச் சொல்லுதா?"

எங்கோ ஒரு கட்டைவிரல்
ஆயிரம் படங்களைத் தள்ளிக்கொண்டே வரும்.
அதற்குத் தமிழ் தெரியாது.
இங்கிலீஷில் பெயர் போடாவிட்டால்
யார் வாசிப்பான் என்கிறான் டெரன்ஸ்.
முதலில் நிற்கட்டும் என்கிறேன்.
சண்டை இன்னும் முடியவில்லை.

படத்தை ஏற்றும்போது இரவு ஒன்பது தாண்டிவிட்டது.
எண்பத்தொரு வீதத்தில் டேட்டா தீர்ந்தது,
ரீலோட் கடையும் பூட்டியாயிற்று.
மூவரும் அந்த எண்பத்தொன்றையே
பார்த்துக்கொண்டிருந்தோம்.
கீழே மெயில் ரயில் வரும் சத்தம்.
லோஷினி கண்ணை மூடினாள்.
"ஆறு நிமிசம் லேட்."