பதினேழாவது குழி

மானூர் தாண்டிக் காற்றாடிகள் தொடங்கும் இடத்தில்
ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே பைக்குகள் வந்துவிடும்.
குவாரி தண்ணீராகி ஒன்பது வருசம்.
குத்தகை எடுத்த ஞானதுரை
மணிமுத்தாறிலிருந்து காற்றடைத்த கவர்களில்
விரல்நீள ரோகுவும் கட்லாவும் கொண்டுவந்து கொட்டி
பெயின்ட்டால் ஒரு பலகையும் எழுதி வைத்தான்:
ஆழம் 120 அடி, குளிக்கக் கூடாது.

தொண்ணூற்று நாலுதான்.
நான் திருத்தவில்லை.

அரைநாள் டிக்கெட் இருநூறு.
பிடித்த மீனைக் கிலோ நூற்றெழுபது கொடுத்து
பிடித்தவனே வாங்கிக்கொள்ள வேண்டும்.
மேலப்பாளையம் மன்சூர்
துபாயிலிருந்து வந்த ரீலும் மஞ்சள் கண்ணாடியுமாய்
வெயில் ஏறும்வரை வீசுவான், சுற்றுவான், வீசுவான்.
நான் பிண்ணாக்கோடு மைதா பிசைந்து
மேற்குக் கரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பேன்.
"எத்தன அடியில விடுதீரு அண்ணாச்சி?"
"சும்மா, ஒரு நெதானந்தான்வே."

நிதானம் இல்லை. நாலு ராடு.
ஐந்தடி ராடு நான்கு இறக்கினால்
மூன்றாவது பெஞ்ச்.
லாரி திரும்புகிற அகலம்.
மேலே வெந்நீர், கீழே மீன் இறங்காத கறுப்பு,
இடையில் அந்தத் திட்டில்தான்
உச்சிவெயிலுக்கு ரோகு வந்து ஒதுங்கும்.
பதினோரு வருசம் அந்தக் கல்லில்
ஜாக்ஹேமர் பிடித்து அதிர்ந்த கை இது.
தண்ணீர் இவர்களுக்கு. தரை எனக்கு.

கடைசியாய்ப் போட்ட வரிசை பதினேழு குழி.
நான் துளைத்தேன். மருந்து வைத்துக்
களிமண் இடித்து அடைத்தவன் காந்திமதிநாதன்.
சாயங்காலம் வெடித்தது. தகரக் கொட்டகையில் நின்று
ஆளுக்கொரு விரலாய் மடக்கி எண்ணினோம்.
பதினாறு என்றான் அவன்.
பதினேழு என்றேன் நான்.
ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும், ஒனக்குக் காது போச்சுல என்றேன்.
சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனது.
மறுநாள் காலை முதல் ராடு வைக்க வேண்டியவன் நான்.

அன்று ராத்திரி பிடித்த மழை எட்டு நாள் விடவில்லை.
மோட்டார் முங்கியது, முதலாளி கைவிட்டார்,
அவன் கோட்டயத்துக்குப் போனான்
என்னிடம் சொல்லாமல்.

போன ஞாயிறு.
தங்கூசியில் ஐந்தடிக்கொரு சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.
நாலாவது நூல் நனைந்ததும் குண்டு தட்ட வேண்டும்.
தட்டவில்லை.
வழுக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறங்கி
மெத்தென்று நின்றது.
ஜாண் வைத்து அளந்தேன்.
ஒன்றரை அடி.

ஒன்றரை அடிதான் அவன் எப்போதும் அடைப்பது.
களிமண் கரைந்திருக்கும். அதற்குக் கீழே இருப்பது
கரைந்ததோ, ஊறிச் செத்ததோ,
இல்லை இன்னும் காத்துக்கிடக்கிறதோ.
என் ஈயக்குண்டு அதன் தலைமேல்
பிள்ளை தலையில் கை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் யாரோ பரோட்டா பார்சல் பிரித்தார்கள்.
சால்னா வாசம்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நூலை ஒரு விரல், அப்புறம் ஒரு விரல் என்று
மேலே எடுத்தேன்.
குழியை விட்டு வெளியே வந்த நொடியில்
வெடுக்கென்று ஓர் இழுப்பு.

கத்திவிட்டேன்.
பாறைக்குப் பின்னால் போய் விழுந்தேன்,
காதைப் பொத்தி, கம்பை மட்டும் விடாமல்.
மன்சூர்தான் ஓடிவந்து ரீலைச் சுற்றினான்.
"மீன்வே, மீனு!"
வெள்ளிச் செதிலில் ரோஜா நிறம் ஓட
கல்லில் கிடந்து துடித்தது ரோகு,
இரண்டு கிலோ நானூறு.

தராசடியில் ஞானதுரை பேனாவை எடுத்தான்.
"எத்தன அண்ணாச்சி?"

ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"பதினாறு."

மன்சூர் என் பைக்குள் எட்டிப் பார்த்தான்.