பெட்டியில் ண குறைவு

நாச்சாரம்மாளை நான் தலைகீழாகத்தான் படித்தேன்.
ஈயத்தில், ஒவ்வோர் எழுத்தாக,
கண்ணாடிக்குள் நடப்பவளைப் பார்ப்பதுபோல.

வியாழக்கிழமை உப்புவண்டியில் கட்டு வரும்.
நாராயணவனத்து நெசவுக் கணக்கின் பின்பக்கம்.
முன்னால் பாவு இத்தனை, ஊடை இத்தனை,
சாயக்காரனுக்குப் பாக்கி ஒன்றே கால்.
பின்னால்,
பதினோரு வயதில் தாலி அறுத்தவளுக்குப்
பன்னிரண்டாம் வயதில் என்ன வேலை
என்று ஒரு கேள்வி.
பதில் இருந்த தாள் உப்பில் ஊறிப்போயிருந்தது.
கேள்வியை மட்டும் கோர்த்தேன்.

புத்தூர் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் அச்சுக்கூடம்.
ஏல நோட்டீஸ், ஜமீன் ரசீது, கல்யாணப் பத்திரிகை,
இவைதான் பகல் சோறு.
அந்தம்மாவின் எட்டுப் பக்கம் ராத்திரி வேலை.
விளக்கெண்ணெய்க்கு முதலாளி
தனிக்கணக்கு வைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் தெலுங்கு.
எங்கள் வாயில் ண-வும் ன-வும் ஒன்று.
விரலுக்கும் அப்படியே ஆகிவிட்டது போல.
ஆடி மாதத் தாளில், தலைப்பில், தடித்த எழுத்தில்
மறுமணம் என்று இருக்கவேண்டிய இடத்தில்
மறுமனம் என்று வந்துவிட்டது.
நூற்றிருபது பிரதி. போய்ச் சேர்ந்தாயிற்று.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.
வியாழன் வந்தது. துண்டுச்சீட்டு:
“எத்திராஜுலுவுக்கு. பிழை உம்முடையது. இருக்கட்டும்.
முதலில் வேண்டியது அதுதான்.
மணத்தை அடுத்த மாதம் பார்ப்போம்.”

அடுத்த மாதம் வந்த தாளில்
எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
முட்டை வெள்ளைக்கரு நாற்றம், பச்சிலைக் கறை.
புத்தூரில் பிறந்தவனுக்கு அந்த நாற்றம் தெரியும்.
எலும்புக் கட்டு.
படியில் விழுந்தாராம், வண்டிக்காரன் சொன்னான்.
சொல்லிவிட்டு மாட்டைப் பார்த்தான்.
பிறகு, அண்ணன்காரன் கையில் உலக்கை இருந்ததாம்.

தாளில் கையைப்பற்றி ஒரு வரி இல்லை.
நூல்கிடங்கில் ஏழு பெண்கள் படிக்கிறார்கள்.
ஒருத்தி பலப்பத்தைத் தின்றுவிடுகிறாள்.
கடைசியில்: “பெரிய எழுத்தாகக் கோர்க்கவும்.
இவர்கள் இன்னும் அ-வைத் தாண்டவில்லை.”

இனி என் வீட்டைச் சொல்லவேண்டும்.
என் தங்கை சேஷம்மாவுக்குப் பதினைந்து வயது.
மொட்டைத்தலை, கொல்லைப்புற அறை, ஒருவேளைச் சாப்பாடு.
அந்தம்மாவின் எட்டுப் பக்கமும் விரலில் இருந்தும்
நான் அவளிடம் ஒரு சொல் சொன்னதில்லை.
கைவேலை வேறு, வீடு வேறு என்று இருந்துவிட்டேன்.

ஆனால் கோர்த்த அச்சை இடுப்பில் சாய்த்துத் தூக்குகிறவன் நான்.
மை வேட்டியில் ஒட்டும். ஈயத்தில் தலைகீழ்,
துணியில் நேர்.
வேட்டி துவைப்பவள் அவள்.
இரண்டு வருஷமாகத்
துவைகல்லில் என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது.
ஒருநாள் கேட்டாள்:
“அண்ணா, இந்தக் கொக்கி எழுத்து என்ன?”
வேலையைப் பார், என்றேன்.

தை மாதம் ஒரு விடியலில் கொல்லைக் கதவு திறந்திருந்தது.
அம்மா கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.
தண்ணீர் தெளிவாக இருந்தது.
உப்புவண்டித் தடம் தெற்கே போயிருந்தது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
தைரியம் என்று நினைக்கவேண்டாம்.

மாசியில் கட்டு வந்தது.
வலக்கை எழுத்துமில்லை, இடக்கை எழுத்துமில்லை,
மூன்றாவது கை.
சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள்.
ஒவ்வோர் எழுத்தும் அச்செழுத்துபோல விறைத்து,
ஒன்றையொன்று தொடாமல் நின்றது.
பென் என்று எழுதியிருந்தது.
கன், மன், கிணறு கூடக் கினறு.
எங்கள் வீட்டுப் பிழை.

விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
ஒவ்வொன்றுக்கும் ண எடுத்து வைத்தேன்.
ஆறாம் பக்கத்தில் ண தீர்ந்துவிட்டது.
இன்னும் எட்டாவது வேண்டும்.
சென்னைக்கு எழுதி வரவழைக்கவேண்டும்.
எதற்கு என்று முதலாளி கேட்பார்.