இடது முழங்கால்

டால்விக்கில்
ஹெர்ரிங் மீனை உறைய வைத்த கொட்டகையில்
இப்போது என்னை உறைய வைக்கிறார்கள்.
உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை,
அதன்மேல் ஐம்பத்து மூன்று வெள்ளை உருண்டைகள்,
சுவர் முழுக்கக் கேமராக்கள்.
மீன் வாடை மட்டும் இன்னும் காலி செய்யவில்லை.

என் உயரம் ஐந்தடி ஒன்று.
கணினிக்குள் போய் வெளியே வந்தால் முப்பதடி.
நீலத் தோல், நெற்றியில் கொம்பு,
கையில் பனிக்கட்டித் தடி.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
இங்கே நான் அந்தப் பாதியும் இல்லை,
புள்ளிகள்.

"விழு" என்கிறான் மோன்ஸ்.
விழுகிறேன்.
"இன்னும் கனமாக. நீ ஒரு மலை."
மலை சரிந்து பார்த்தவள் நான்.
முதலில் சத்தமே இருக்காது.
அவனுக்குச் சத்தம்தான் முதலில் வேண்டும்.

பதினேழாவது சாவுக்குப் பிறகு
காப்பி குடிக்கையில் கேட்டேன்:
"இவளுக்கு வசனம் ஒன்றும் இல்லையா?"
"வசனமெல்லாம் கடவுள்களுக்கு.
இவள் உறுமினால் போதும்."

பழைய பாட்டுகளில்
யோத்துன்கள் வாய் ஓயாதவர்கள்.
உலகம் எப்படித் தொடங்கியது என்று கேட்க
ஒற்றைக்கண் கடவுளே மாறுவேடத்தில் போய்
அவர்கள் கதவைத் தட்டினான்.
அவனைப் பெற்றவள் அந்த வீட்டுப் பெண்.
ஒன்பது மந்திரம் அவன் கற்றது
தாய்மாமனிடம்.

உயரமா?
ஒருவனுடைய கையுறைக்குள் இடிக்கடவுள் படுத்துறங்கினான், சரி.
பாதிப் பாட்டுகளில் யாரும் யாரையும் அளக்கவில்லை.
அப்பனைக் கொன்றதற்கு ஈடு கேட்டு
கவசம் பூட்டிக் கடவுள்களின் வாசலுக்கு
ஒருத்தி தனியாக வந்தாள்.
கால்களை மட்டும் காட்டினார்கள்.
கால்களை மட்டும் பார்த்து
ஒரு கடவுளைக் கணவனாகப் பொறுக்கினாள்.
தப்பான கால்கள்.
அது வேறு கதை.

பகலில் எனக்கு நீச்சல்குளத்தில் வேலை.
பிப்ரவரி. வெளியே மைனஸ் ஒன்பது.
வெந்நீர்த் தொட்டியில் நாலு பையன்கள்
தலையில் பனி விழ உட்கார்ந்திருக்கிறார்கள்.
முதல் யோத்துனைக் கொன்று
அவன் எலும்பில் மலையும்
ரத்தத்தில் கடலும்
மண்டையோட்டில் வானமும் செய்தார்களாம்.
அப்படியென்றால் இந்தப் பிள்ளைகள்
கழுத்துவரை அமிழ்ந்திருப்பது
இன்னும் ஆறாத ஓர் உடம்பின் சூட்டில்.

"நாலாம் கட்டத்து அரக்கியை எப்படிடா முடிச்சே?"
"சுலபம்" என்றான் பெர்க்ஸ்வெய்ன்.
"இடது காலை ஊன்றும்போது ஒரு நொடி தயங்குவா.
அந்த முழங்கால்ல மூணு அம்பு."

துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.
கை நின்றுவிட்டது.

அந்தத் தயக்கத்தை எந்த ஓவியனும் வரையவில்லை.
ஆறு வருடம் முன்பு
ஹ்ரீசே தீவுப் படகுத்துறையில்
பனி மூடிய மூன்றாம் படி எனக்குக் கொடுத்தது அது.
என் முகத்தை வேண்டாமென்ற உருண்டைகள்,
என் குரலை வேண்டாமென்ற உருண்டைகள்,
நொண்டலை மட்டும் பத்திரமாக எடுத்துப் போயிருக்கின்றன.
இந்நேரம் ஒசாகாவில் ஒருவன்,
லிமாவில் ஒருத்தி,
தூக்கம் கெட்டு, கண்ணை இடுக்கி
என் முழங்காலுக்குக் குறிவைத்துக்கொண்டிருப்பார்கள்.

யாரோ ஈரத் தரையில் ஓடினான்.
விசில் ஊதினேன்.
எழுந்து தொட்டியைச் சுற்றி நடந்தேன்.
வலது.
இடது,
ஒரு நொடி.
வலது.

பெர்க்ஸ்வெய்ன் பேச்சை நிறுத்தினான்.
முழங்காலைப் பார்த்தான்.
பிறகு மெல்லத் தலையை உயர்த்தினான்,
இடுப்பு, தோள், முகம் தாண்டியும்
உயர்த்திக்கொண்டே போனான்,
ஆவி எழும் இடம்வரை.

ஐந்தடி ஒன்றுக்கு
அவ்வளவு நிமிர வேண்டியதில்லை.