நாலே முக்கால் நட்சத்திரம்

காலை ஐந்தரைக்கு நான் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல,
கைப்பேசியை.
நேற்றிரவு யாரோ ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.
"வழிகாட்டி நல்லவர். கணவாயில் மழை."
மழைக்கு நான் என்ன செய்ய?
அடுப்பில் காய்ந்த சாணம் புகைய
முகாமில் சமைக்கும் நூர்ஜாத் சொல்கிறாள்:
"மந்திரிக்கு நட்சத்திரம் போட ஓர் இடம் இருந்தால்
நானும் இந்த ஃபோன் வாங்குவேன்."

இன்று ஐந்து பேர்.
நெதர்லாந்துக்காரர் வவுட்டர், நீர்ப் பொறியாளர்,
கடல் மட்டத்துக்குக் கீழே வீடு.
மூவாயிரத்து எண்ணூறு மீட்டரில்
மணிக்கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்
தனக்கு மூச்சு முட்டுகிறது என்று.
சிரிக்கக் கூடாது.
பிஷ்கெக் செய்தியைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்
மின்கட்டணம் ஏறியதில்
எனக்கு மகிழ்ச்சி என்று.

குபாத்தின் குதிரைமேல் மூட்டைகள்.
மூட்டைகளின் மேல் ஃப்ளெக்ஸ்.
ஃப்ளெக்ஸில் போன தேர்தலின் வேட்பாளர்,
கன்னம் இந்தப் பக்கம், டை அந்தப் பக்கம்.
நல்ல கெட்டிச் சரக்கு, ஒரு சொட்டு இறங்காது.
மூன்று கோடையாக எங்கள் அரிசியை நனையவிடவில்லை மனுஷன்.
தெரிந்தால் இதையும்
சாதனைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்.

"அந்தச் சிகரத்துக்கு என்ன பெயர்?"
லியோனிலிருந்து வந்த ஓரியான் கேட்கிறாள்.
என் பழைய சோவியத் வரைபடத்தில் அது ஒரு தளபதி.
பள்ளிப் புத்தகத்தில் ஒரு கவிஞர்.
அவள் செயலியில் வெறும் எண்.
குபாத்துக்கு அது ஒடிந்த பல்.
தளபதியாக இருந்தபோதும் அங்கே பனி சரிந்தது.
கவிஞராக மாறிய வருஷமும் சரிந்தது,
எர்மெக் கீழே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது.
ஒடிந்த பல் என்றேன்.

பதினொரு மணிக்கு மேகம் இறங்கியது.
இருபத்திரண்டு கோடை ஏறிய கணவாய்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவேன் என்று
நேற்றுதான் பீற்றிக்கொண்டேன்.
மேகத்தின் காதில் விழுந்திருக்க வேண்டும்.
இடப்பக்கம் இருக்க வேண்டிய கற்குவியல் இல்லை.
சரளை தப்பான பக்கம் உருண்டது.
குனிந்து
அவிழாத பூட்ஸ் கயிற்றை
இரண்டு முறை கட்டினேன்.

வவுட்டர் பக்கத்தில் வந்து
மற்றவர்கள் பார்க்காதபடி மணிக்கட்டைத் திருப்பினார்.
ஊதாநிறக் கோடு. நாங்கள் அதற்கு வெளியே,
எண்பது மீட்டர்.
அந்தக் கோடு தானாக முளைத்ததா?
ஏதோ ஒரு கோடையில் யாரோ என் பின்னால் நடந்து
அதைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருக்கிறார்.
என் காலடிதான்,
எந்த நாட்டுக் கணினியிலோ தங்கி
வாடகைக்குத் திரும்பி வந்திருக்கிறது.
"டீ குடிக்க நின்றோம்" என்றேன் எல்லோரிடமும்.
வவுட்டர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை நீட்டினார்.
சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

கணவாய் உச்சியில் ஒரே ஒரு கோடு சிக்னல் உண்டு.
தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு முளைத்த கோபுரம்.
அதே வாக்குறுதியில் இருந்த பள்ளிக்கூரை
இன்னும் முளைக்கவில்லை.
ஐந்து பேரும் ஃபோனை உயர்த்திப் பிடித்து நிற்கிறார்கள்,
கூட்டுப்பண்ணைக் காலத்துப் புகைப்படங்களில்
ஏகமனதாகக் கை தூக்கியவர்களைப்போல.
நானும் தூக்கினேன்.

யெகாடெரின்பர்க் கிடங்கிலிருந்து தம்பி அனுப்பிய படம்:
சுவரில் நாட்காட்டி, அதில் ஏரி, பின்னால் பனிமலை.
"இது நம்ம ஊர்தானே அண்ணா?
இங்கே ஒருத்தனும் நம்ப மாட்டேன் என்கிறான்."
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓரத்தில் சின்ன எழுத்தில் சுவிட்சர்லாந்து.
"நம்ம ஊர்தான்" என்று எழுதினேன்.

போகிறது, போகிறது,
இன்னும் போகவில்லை.
கீழே ஐம்பது அடி இறங்கினால் கோடு செத்துவிடும்.
குபாத் குதிரையைத் திருப்பிவிட்டான்.
காற்றில் ஒரு முனை அவிழ்ந்து
வேட்பாளர் எனக்குக் கையசைத்தபடியே இறங்குகிறார்.
நான் கையை இறக்கவில்லை.